ஒரு விரலுக்கு இரண்டு ஸ்வரம்: கப்ளரும் குரல் பதமும்

கப்ளரைப் போட்டால் புதிய குரல் எதுவும் பிறப்பதில்லை. உள்ளே ஏற்கெனவே இருக்கும் குரல்களில் இன்னும் சிலவற்றை, அழுத்திய கட்டையோடு சேர்த்துப் பேசவைக்கிறது. வேலை அவ்வளவுதான். ஆனாலும் குழல் ஆர்கனிலும் சரி, நம் ஊர் ஆர்மோனியப் பெட்டியிலும் சரி, குழலுக்கும் ரீடுக்கும் குரல் பதம் பார்த்தவரின் கைத்திறன் முழுவதும் வெளிப்படுவது கப்ளர் போட்ட பிறகுதான்.

ஊட்டிப் பக்கத்துச் சோலூரில் பஜனை என்றால் ஆர்மோனியம் இருக்கும். ஆர்மோனியம் இருந்தால் பெரும்பாலும் கப்ளர் போட்டே இருக்கும். பனி இறங்கிய மாலையில் பத்துப் பேர் சேர்ந்து பாடும்போது ஒற்றை ஸ்தாயி போதாது என்று பெட்டிக்காரருக்குத் தோன்றுகிறது, குமிழை இழுத்துவிடுகிறார். அந்தக் குமிழ் செய்யும் அதே வேலையைப் பல மடங்கு பெரிய அளவில் செய்யும் கருவியைப் பார்க்க வேண்டுமென்றால் மலையிறங்கிச் சென்னைக்குப் போகவேண்டும். எழும்பூரில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க், 1821இல் திறக்கப்பட்ட ஆலயம். அங்குள்ள குழல் ஆர்கன் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பீட்டர் கானகர் நிறுவனத்தார் 1883இல் செய்தது. தோளில் தூக்கிப்போகும் பெட்டியையும் சுவரை அடைத்து நிற்கும் ஆர்கனையும் கப்ளர் என்ற ஒரே ஒரு உறுப்பை முன்வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரை.

முதலில் இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவிடலாம். ஆர்மோனியத்தில் கட்டைகளுக்கு அடியில் ஒரு பலகை. அதில் சாய்வாகப் போகும் கம்பிகள். ஒவ்வொரு கம்பியும் ஒரு கட்டையை ஒரு ஸ்தாயி தள்ளியிருக்கும் கட்டையோடு இணைக்கிறது. குமிழை இழுத்தால் பலகை இடத்தில் போய் உட்காரும். பிறகு நடு ஷட்ஜத்தை அழுத்தினால் இன்னொரு ஷட்ஜமும் யாரும் தொடாமலே தாழும். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் முதலில் கவனிப்பது இதைத்தான். குழல் ஆர்கனில் கப்ளர் பல வகை. ஒரு கட்டை வரிசையை இன்னொரு கட்டை வரிசையோடு இணைப்பது ஒன்று. கை வரிசையைக் கால் பெடலோடு இணைப்பது ஒன்று. ஒரே வரிசைக்குள் மேல் ஸ்தாயியையோ கீழ் ஸ்தாயியையோ சேர்த்துக்கொள்வது ஒன்று. நம் பெட்டியில் இருப்பது இந்தக் கடைசி வகை மட்டும்.

இரண்டுக்கும் பொதுவான சிரமம் விரலில் தெரியும். ஒரு கட்டையை அழுத்தும் விரல் இப்போது இரண்டு ஸ்பிரிங்கை அழுத்துகிறது. இயந்திர இணைப்புள்ள பழைய ஆர்கன்களில் மூன்று வரிசைகளை இணைத்து வாசித்தால் கட்டை கல்லாய்க் கனக்கும். அதற்காகவே காற்றின் பலத்தைக்கொண்டு கட்டையை இழுக்கும் பார்க்கர் நெம்புகோல் வந்தது. பிரெஞ்சுக்காரர் காவாயே-கோல் பாரிஸ் அருகே சென்-தெனி ஆலயத்தில் 1841இல் முடித்த ஆர்கனில் அதைப் பொருத்தினார். விரல் வலிக்காமல் எல்லா வரிசைகளையும் இணைக்க முடியும் என்று ஆனபிறகு, இணைத்தே வாசிப்பது வழக்கமாயிற்று. இணைத்தே வாசிப்பார்கள் என்று தெரிந்தபிறகு, குழல்களின் குரல் பதத்தையும் அதற்கேற்ப மாற்றவேண்டியதாயிற்று. கட்டையின் கனத்தைக் குறைக்க வந்த ஏற்பாடு நாதத்தின் நிறத்தையே மாற்றிய கதை இது.

குரல் பதம் என்றால் என்ன? ஆர்கன் குழலுக்கு வாய் உண்டு, உதடு உண்டு. கால்துளை வழியே காற்று ஏறி, மெல்லிய பிளவு வழியாகப் பாய்ந்து மேலுதட்டில் மோதுகிறது. மேலுதட்டை உயர்த்தி வெட்டினால் குரல் உருண்டு மழுங்கும். தாழ்த்தி வைத்தால் கூர்மையும் துடிப்பும் வரும். கால்துளையைப் பெருக்கினால் சத்தம் ஏறும். காற்றுவழியின் விளிம்பில் சிறு கீறல்கள் இட்டால் பேச்சின் தொடக்கத்தில் வரும் சீறல் அடங்கும். நூற்றுக்கணக்கான குழல்களுக்கு ஒவ்வொன்றாக இதைச் செய்து, எதுவும் துருத்தாமல் எதுவும் பம்மாமல் வரிசைப்படுத்துவது ஒரு வாழ்நாள் தொழில்.

கப்ளர் இந்தத் தொழிலில் எங்கே குறுக்கிடுகிறது? ஆர்கனில் அடிப்படைச் சுருதியில் பேசும் எட்டடி வரிசை ஒன்று இருக்கும். அதற்கு மேல் ஸ்தாயியில் பேச நாலடி வரிசை தனியாக இருக்கும். நாலடி வரிசையின் குழல்களை, குரல் பதம் பார்ப்பவரான வாய்ஸர் வேண்டுமென்றே சற்று மெலிதாக, சற்று ஒடுக்கமாகப் பதம் செய்வார். அடிப்படைக் குரலுக்குள் அது கரைந்து ஒளி கூட்டவேண்டும், தனியே கேட்கக்கூடாது. மேல் ஸ்தாயிக் கப்ளரைப் போட்டால் மேலே பேசுவது அந்த மெலிந்த நாலடிக் குழல் அல்ல. எட்டடி வரிசையின் குழலே, தன் முழுப் பலத்தோடு ஒரு ஸ்தாயி மேலே பேசும். அடியில் நிற்கவேண்டிய குரலும் மேலே கரையவேண்டிய குரலும் ஒரே கனத்தில் மோதும். மேல் பகுதி கிறீச்சிடுகிறது, நடு காலியாகிவிட்டது என்று கேட்பவர்கள் சொல்வது இதனால்தான். கப்ளரை முன்னிட்டுப் பதம் பார்க்கும் வாய்ஸர் எட்டடி வரிசையின் மேல் முனையை மெல்ல மெல்ல அடக்கிக்கொண்டே போவார். ஆனால் அப்படி அடக்கினால் கப்ளர் இல்லாமல் வாசிக்கும்போது உச்ச ஸ்வரங்கள் சோகையாகும். இரண்டில் எதற்கு முதலிடம் என்பதை அவர் முதலிலேயே தீர்மானித்தாகவேண்டும்.

இதில் எதிரெதிர் வழிகளில் போன இருவர் உண்டு. காவாயே-கோல் உச்ச ஸ்வரங்களுக்குத் தனியாக அதிகக் காற்றழுத்தம் கொடுத்தார். எல்லா வரிசைகளையும் இணைத்தாலும் மேலே ஓடும் ராகம் அடிக்குரல்களில் மூழ்காமல் நின்றது. அவர் 1862இல் பாரிஸ் சென்-சுல்பீஸில் முடித்த ஆர்கன் அதற்கு இன்றும் சாட்சி. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்கா போன ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் மின் இணைப்பைக் கையாண்டவர். மின்சாரத்தில் கப்ளருக்குக் கனமே இல்லை. எத்தனை வேண்டுமானாலும் போடலாம். மேல் ஸ்தாயி வரிசைகளைக் குறைத்து, அகன்ற கனத்த குழல்கள் சிலவற்றை வைத்து, மீதியைக் கப்ளர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டார். அவர் நாதத்தில் கம்பீரம் உண்டு, தெளிவு குறைவு. இதில் என் மனம் காவாயே-கோல் பக்கமே சாய்கிறது. கப்ளர் என்பது பதம் பார்த்து முடித்த குரல்களுக்குத் துணை. இல்லாத குரலுக்கு அது ஈடாகாது.

இனி நம் பெட்டிக்கு வருவோம். பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் 1842இல் உரிமம் பெற்ற ஆர்மோனியம் காலால் மிதிப்பது. அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கும் பெட்டியாக மாற்றியது கல்கத்தா, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். இடையில் ஒரு சித்தப்பா உறவும் உண்டு: மிஷன் ஆலயங்களில் இருந்த கால்மிதி ஆர்கன். அமெரிக்காவின் எஸ்டே போன்ற நிறுவனங்கள் செய்த அந்தக் கருவிகளில் கப்ளரை இரண்டாகப் பிரித்திருப்பார்கள். இடது பாதிக்குக் கீழ் ஸ்தாயியைச் சேர்ப்பது ஒன்று, வலது பாதிக்கு மேல் ஸ்தாயியைச் சேர்ப்பது ஒன்று. அடி இன்னும் ஆழமாகும், உச்சி இன்னும் ஒளிரும், நடு குழம்பாது. நல்ல யோசனை. கைப்பெட்டிக்கு அது வந்து சேரவில்லை.

கைப்பெட்டியின் மேல்மூடியையும் கட்டைப் பலகையையும் தூக்கிப் பார்த்தால் ரீடுகள் தெரியும். பித்தளைச் சட்டம், அதன் ஒரு முனையில் ஆணியடித்த பித்தளை நாக்கு. நாக்கின் நுனி சட்டத்திலிருந்து மயிரிழை அளவு தூக்கி நிற்கவேண்டும். அதிகம் படிந்திருந்தால் பலமாகக் காற்று வரும்போது நாக்கு திணறி அடைத்துக்கொள்ளும். அதிகம் தூக்கியிருந்தால் நிறையக் காற்று கேட்கும், தாமதமாகப் பேசும். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். பெட்டிக்கு இரண்டு வரிசை ரீடுகள் இருப்பது வழக்கம்: பேஸ் ஒன்று, மேல் ஒன்று. இரண்டுக்கும் இடையே ஒரு ஸ்தாயி வித்தியாசம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இரண்டு வரிசைகளையும் திறந்து, கப்ளரையும் போட்டு ஷட்ஜத்தை அழுத்தினால் நான்கு ரீடுகள் பேசுகின்றன. நான்கு ரீடு, நான்கு ஸ்தாயி என்று தோன்றும். அப்படியில்லை, மூன்று ஸ்தாயிதான். அழுத்திய கட்டையின் பேஸ் ரீடும், கப்ளர் இழுத்த கீழ்க் கட்டையின் மேல் வரிசை ரீடும் ஒரே சுருதியில் பேசுகின்றன. மேல் ஸ்தாயியை இழுக்கும் கப்ளராக இருந்தாலும் இதே கணக்குதான். நடுவில் ஒரு சுருதி இரட்டிக்கும். வெவ்வேறு வரிசை, வெவ்வேறு நாக்கு, வெவ்வேறு குரல் பதம். ஆனால் ஒரே ஸ்வரம். இரண்டும் இம்மி பிசகினால் அலைமோதும். விநாடிக்கு ஒரு அதிர்வு பிசகினால் அடிச்சுருதியில் விநாடிக்கு ஒரு அலை. அதன் ஐந்து மடங்கான மேற்சுருதியில் ஐந்து அலை. ரீடின் நாதத்தில் மேற்சுருதிகள் நிறைந்திருப்பதால் அத்தனையும் காதில் விழும். கப்ளர் இல்லாமல் ஒற்றைக் கட்டையாக வாசிக்கும்போது அந்த இரண்டு ரீடுகளும் சேர்ந்து பேசியிருக்காது; ஆகவே பிசகு தெரிந்திருக்காது.

பழுது பார்ப்பவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். “ஒவ்வொரு கட்டையா அழுத்தி, டியூனரை வச்சுப் பார்த்துத்தாங்க விடறோம். கப்ளரைக் கடைசியில போட்டு, கம்பி சரியா இழுக்குதான்னு மட்டும் பார்ப்போம்” என்றார். நேர்மையான பதில். கம்பி இழுக்கிறதா என்பது தச்சு வேலை. இழுத்தபின் இரண்டு ரீடும் ஒட்டிப் பேசுகின்றனவா என்பது குரல் பதம். “அப்ப கப்ளரைப் போட்டுட்டே ஒரு தடவை எல்லாக் கட்டையும் கேட்டுடலாமே அண்ணா?” என்றேன். உடனே செய்துகாட்டினார். மூன்று கட்டைகளில் அலை தெளிவாகக் கேட்டது. அவர் காது என் காதைவிடக் கூர்மை என்பதால் இன்னும் இரண்டைச் சேர்த்துச் சொன்னார்.

குழல் ஆர்கனில் இந்த அலைமோதல் சற்று மன்னிக்கப்படுகிறது. ஏறக்குறைய ஒரே சுருதியுள்ள இரண்டு குழல்கள் பக்கத்தில் நின்றால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஒரே சுருதிக்கு வந்துவிடுவது உண்டு. 19ஆம் நூற்றாண்டிலேயே இயற்பியலாளர் ராலே பிரபு இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். பித்தளை நாக்கு அப்படி எளிதில் வளைந்துகொடுக்காது. தன் சுருதியில் தான் நிற்கும். அதனால் ஆர்கனைவிட ஆர்மோனியத்தில்தான் கப்ளருக்கான சுருதிச் சுத்தம் கூடுதலாகத் தேவை. நடப்பில் நேர்மாறு.

அடுத்தது காற்று. ரீடுகள் இரட்டித்தால் காற்றும் இரட்டிப்பாகச் செலவாகும். துருத்தி போடும் கை அதை உடனே உணரும். சத்தமோ இரட்டிப்பதில்லை. சம பலமுள்ள இரண்டு குரல்கள் சேர்ந்தால் ஏறுவது ஏறத்தாழ 3 டெசிபல். காதுக்கு இரட்டிப்பாகத் தோன்ற 10 டெசிபல் அளவு ஏறவேண்டும். சத்தத்துக்காகக் கப்ளர் போடுகிறவருக்குக் கிடைப்பது குறைவு. அவர் பெறுவது அகலம். காற்று தொய்யும்போது இரண்டு கருவிகளும் நடந்துகொள்ளும் விதமும் வேறு. அழுத்தம் குறைந்தால் ஆர்கன் குழலின் சுருதி இறங்கும். ஆர்மோனிய ரீடிலோ அழுத்தம் கூடினால்தான் சுருதி சற்று இறங்கும், குறைந்தால் சற்று ஏறும். அடி ஸ்தாயி ரீடுகளில் இது அதிகம். கப்ளர் போட்டு நான்கு ரீடுகளுக்குத் தீனி போட வேகவேகமாகத் துருத்தி தள்ளுகிறவர் தன்னையறியாமல் அடிக்குரலைத் தாழ்த்துகிறார். மேலே ஒரு சுருதி, கீழே ஒரு சுருதி என்று பாடுகிறவர் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

மலையில் இன்னொரு சங்கதி சேர்கிறது. குழலின் சுருதி அதனுள் இருக்கும் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் அரைச் சுருதியை நூறாகப் பிரித்ததில் சுமார் மூன்று பங்கு ஏறும். ஊட்டிப் பக்கத்துக் குளிர்காலத்தில் காலைக்கும் நண்பகலுக்கும் பத்துப் பாகை வித்தியாசம் சாதாரணம். அதாவது முப்பது பங்கு. யாருடைய காதுக்கும் தப்பாத பிசகு. எல்லாக் குழல்களும் சேர்ந்து ஏறினால் பாடகர்கள் அனுசரித்துக்கொள்வார்கள். ஆனால் ஆர்கனில் சுவெல் வரிசையின் குழல்கள் கதவுள்ள மரப்பெட்டிக்குள் இருக்கும். கிரேட் என்ற முதன்மை வரிசை வெளியே நிற்கும். பெட்டிக்குள் வெப்பம் வேறு, வெளியே வேறு. தனித்தனியே வாசித்தால் இரண்டும் சுத்தம். கப்ளரால் இணைத்தால் அலைமோதல். பித்தளை நாக்குள்ள வரிசைகள் வெப்பத்துக்கு அதிகம் அசையாதவை என்பதால் குழல் வரிசைகள் அவற்றைவிட்டு விலகும். நம் ஆர்மோனியத்தில் எல்லாமே நாக்கு. சோலூரின் விடியற்குளிரிலும் நண்பகல் வெயிலிலும் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் நிற்கும். இந்த ஒன்றில் கைப்பெட்டி தேவாலய ஆர்கனைவிட மலைக்குப் பொருத்தமான கருவி.

உயரமும் குழலைத் தொடும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு போலத்தான். அதே அழுத்தத்தில் மெலிந்த காற்று குழலின் உதட்டில் வேகமாகப் பாயும். கடலோரத்தில் பதம் பார்த்த குழலை இங்கே கொண்டுவந்தால் அது சீக்கிரம் மேல் ஸ்தாயிக்குத் தாவப் பார்க்கும். மேலுதட்டையோ காற்றழுத்தத்தையோ மறுபடி சரிசெய்தே ஆகவேண்டும்.

மழைக்காலத்தில் இரண்டு கருவிகளுக்கும் ஒரே துன்பம்: மரம் ஊதும், இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். கப்ளர் இழுத்த கட்டை மேலெழாமல் சிக்கிக்கொண்டால் கேட்காத ஸ்வரம் ஒன்று பாட்டு முடியும்வரை ஊதிக்கொண்டே இருக்கும்.

விளிம்பில் ஏற்படும் குறையை இரண்டு மரபும் கையாண்ட விதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கீழ் ஸ்தாயியை இழுக்கும் கப்ளருக்கு, பெட்டியின் கடைசி ஸ்தாயியில் இழுக்கக் கட்டையே இல்லை. மந்திரத்துக்கு இறங்கும் பாடகர் பின்னால் திரண்டு வந்த நாதம் ஒரு குறிப்பிட்ட கட்டையில் பாதியாக அறுந்துவிடும். மேல் ஸ்தாயிக் கப்ளர் உள்ள ஆர்கனில் இதே குறை உச்சியில் வரும். ஆர்கன் செய்கிறவர்களில் சிலர் கட்டை 61 என்றால் குழலுக்கு 73 இடம் வைத்து, கப்ளருக்காக மட்டும் பன்னிரண்டு குழல்களைச் சேர்த்தார்கள். விரல் ஒருபோதும் நேராகத் தொடாத குழல்கள் அவை. கப்ளரைக் கருவியின் உறுப்பாக மதித்ததற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 39 அல்லது 42 கட்டையுள்ள பெட்டியில் அப்படிச் செய்ய இடமில்லை. ஆனால் கப்ளர் விடுபடும் அந்த ஸ்தாயியின் ரீடுகளைக் கொஞ்சம் நிறைவாகவும், கப்ளர் சேரும் முதல் சில கட்டைகளைக் கொஞ்சம் அடக்கியும் பதம் பார்த்தால் அந்த அறுபடுதல் தேயும்.

இவ்வளவு குறை சொன்னாலும், கப்ளர் ஆர்கனைவிட நம் பாட்டுக்கே அதிகம் பொருந்துகிறது என்பது என் முடிவு. தேவாலயத்தில் ஒரே நேரத்தில் நான்கு குரல்கள் நகர்கின்றன. கீழ் ஸ்தாயிக் கப்ளர் போட்டால் ஆண் குரல்களின் இடத்தில் பெண் குரல்களின் நிழல் வந்து விழுகிறது. யார் எங்கே போகிறார்கள் என்று புரியாமல் கலங்கிவிடும். ஒரு ஸ்தாயி இடைவெளியில் ஏற்கெனவே இரண்டு ஸ்வரம் பிடித்திருந்தால், கப்ளர் அழைக்கும் குழல் முன்பே பேசிக்கொண்டிருக்கும். அங்கே ஒன்றும் சேராது, மற்ற இடத்தில் சேரும், சமன் குலையும். நம் பாட்டு ஒற்றை ஓட்டம். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும்போது இயல்பாகவே ஒரு ஸ்தாயி இடைவெளியில் பாடுகிறார்கள். கப்ளர் போட்ட பெட்டி அந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நேரத்தில் துணை நிற்கிறது.

அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்து 1971வரை கதவைத் திறக்காததற்குச் சொல்லப்பட்ட காரணங்கள், அசையாத ஸ்வரமும் கமகத்துக்கு வளையாத நாதமும். கப்ளர் அந்தக் குறையை இரண்டு ஸ்தாயியில் ஒலிக்கச்செய்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. கமகம் நிறைந்த இடத்தில் கப்ளரை எடுத்துவிடுவதே நல்லது. எல்லோரும் சேர்ந்து பாடும் நாமாவளிக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சோலூருக்கு அருகில் சோலூர் கோக்கால் என்ற, கோத்தர் பழங்குடியினரின் ஊர் இருக்கிறது. கோத்தர்களின் கொல் என்ற ஊதுகுழலையும் கொம்பையும் கேட்டவர்களுக்குத் தெரியும்: ஒரே மெட்டை இருவர் ஊதும்போது ஒருவர் மூச்சுக்கு இன்னொருவர் மூச்சு ஈடுகொடுக்கிறது, ஒருவர் சற்று முன்னும் ஒருவர் சற்றுப் பின்னுமாக வருகிறார்கள். அங்கே இணைப்பவை காதுகள். குரல் பதம் ஒவ்வொரு நொடியும் சரிசெய்யப்படுகிறது. கம்பி இணைக்கும் இடத்தில் அந்தச் சரிசெய்தலை முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே பெட்டியை ரிப்பேருக்குக் கொடுக்கிறவர்கள் கேட்டு வாங்க வேண்டியவை சில. இரண்டு வரிசைகளையும் திறந்து, கப்ளரைப் போட்டு, ஒவ்வொரு கட்டையையும் மெதுவான காற்றில் ஐந்து விநாடி பிடித்துக் கேட்கச் சொல்லுங்கள். அலை வந்தால் மேல் வரிசை ரீடைத் தொடாமல் பேஸ் ரீடை அதற்கு இணக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பாடகரின் காது மேல் வரிசையைத்தான் பிடித்திருக்கிறது. பிறகு அதே கட்டைகளைப் பலத்த காற்றில் ஒருமுறை. எந்த ரீட் பிந்திப் பேசுகிறதோ அதன் நுனியைச் சற்றுப் படியவைக்கலாம். எது திணறுகிறதோ அதைச் சற்றுத் தூக்கலாம். கடைசியாக, கப்ளர் அறுபடும் கட்டையைக் கடந்து ஒரு ஆரோகண அவரோகணம் வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழுப் பெட்டிக்கும் அரைமணி நேர வேலை. மலைச் சாலையில் குலுங்கி வந்த பெட்டி என்றால் வருஷத்துக்கு ஒருமுறையாவது அவசியம்.